சேமிக்காத பெயர்

மகள் நஸ்ரின் ஏறிப்போகிற ஸ்கூல் வேன் அன்று வரவில்லை. டிரைவருக்குப் போன் போடலாம் என்று பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே வந்த மைமூனின் விரல் நடுவில் நின்றது. ‘லீனா சிஸ்டர்’ என்று ஒரு பெயர். அப்படி யாரையும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரை அவள் போனில் பதிந்ததும் இல்லை. நம்பரைப் பார்த்தாள். கணவன் முனீரின் நம்பர் போலவே 971 என்று தொடங்கியது.

முனீர் ஷார்ஜாவில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தான். போன வருஷம் அவளுடைய பழைய போன் செத்துப்போனபோது, ஊருக்கு வந்த ஒருத்தர் கையில் இந்தப் போனைக் கொடுத்தனுப்பினான். வரும்போதே அதில் ரூம்மேட், ஃபோர்மேன் என்று தெரியாத பெயர்கள் சில இருந்தன. யாரோ வைத்திருந்த போனை வாங்கி அனுப்பியிருப்பான் என்று நினைத்து அவள் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அப்போது இந்த லீனா இல்லை. அது அவளுக்கு நிச்சயம்.

அப்படியென்றால் யார் போட்டார்கள்? முந்தின நாள் சாயங்காலம் முனீரின் தங்கை ஃபர்ஹானா தன் போனில் சார்ஜ் இல்லை என்று இதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனது ஞாபகம் வந்தது. பக்கத்து வீடுதான். பேசிவிட்டு வந்து போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃபர்ஹானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மைமூன் கேட்கவில்லை. ஏனென்றால் மறைக்க அவளிடமும் ஒன்று இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் அவள் பாண்டி பஸ் ஏறி, ஈசிஆரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடையஞ்சாவடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மிச்சத் துணிகளில் கைப்பை தைக்கிற ஒரு யூனிட்டில் கட்டிங் வேலை. தையல் அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது அலுத்துப்போனது. முனீரிடம் ஒருமுறை வெளியே வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தாள். “நான் இங்க கெடக்கறது எதுக்கு?” என்று கேட்டு அவன் பேச்சை முடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அனுமதி கேட்கவில்லை. ஃபர்ஹானாவிடம் பாண்டியில் தையல் கிளாஸ் என்று சொல்லி, நஸ்ரினை அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்வந்தாள். உண்மை தெரிந்தவள் ஊரில் ஒரே ஒருத்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் வேலையும் போன் சாமான்களுமாகக் கடை வைத்திருந்த ஜான்சி. யூனிட்டில் மேற்பார்வை பார்க்கிற செந்தமிழ் அவளுடைய தோழி. வேலையை ஏற்பாடு செய்ததே ஜான்சிதான்.

லீனா சிஸ்டரின் பெயரைப் பார்த்து நாலைந்து நாள் இருக்கும். முனீர் வழக்கம்போலக் கூப்பிட்டான். கொஞ்ச காலமாக அவன் வீடியோவில் வருவது குறைந்திருந்தது. வந்தாலும் திரை முழுக்க முகம்தான் இருக்கும். நெட் சரியில்லை என்பான். அன்றும் குரல் மட்டும்தான். மழை வருதா, உப்பளத்தில் தண்ணி ஏறிடுச்சா, நஸ்ரின் சாப்பிடுறாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னான்:

“மெஷின் பக்கத்துல நிக்கும்போது முந்தானையை இழுத்துச் சொருகிக்க. கையைக் கிட்ட கொண்டுபோகாத.”

“எந்த மெஷினு?”

தையல் மெஷினைத்தான் சொன்னேன் என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

தையல் மெஷினில் முந்தானை எங்கே சிக்கப்போகிறது? கரண்டில் ஓடுகிற கட்டிங் மெஷினை அவள் தொட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனை வைத்தபிறகும் மைமூன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். இது அவனுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை ஷார்ஜா வரைக்கும் சொல்லியும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் சந்தேகமாகவே பட்டது. ஃபர்ஹானா போனில் பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் போவாள். இவளைக் கண்டதும், “அப்புறம் கூப்பிடுறேண்ணா” என்று வைப்பாள். நஸ்ரினிடம், அத்தை உன்கிட்ட என்ன கேட்டாங்க என்று மைமூன் துருவினாள். குழந்தைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. போனின் லாக்கை மாற்றினாள். மாற்றியதை நஸ்ரின் பார்த்துவிட்டாளோ என்று மறுபடி மாற்றினாள்.

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். பிரம்மதேசத்தில் ஒரு கல்யாண வீடு, வியாழக்கிழமை போகிறேன் என்று ஃபர்ஹானாவிடம் சொல்லிவிட்டு, எப்போதும்போல இடையஞ்சாவடிக்குப் போனாள். ஃபர்ஹானாதான் உளவு சொல்கிறாள் என்றால், முனீர் பிரம்மதேசத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். சாயங்காலம் அவன் கூப்பிட்டான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாண்டி ரோட்டில் மழையா, பஸ் கிடைச்சுதா என்று மட்டும் கேட்டான்.

நியாயமாகப் பார்த்தால் அது ஃபர்ஹானாவின் மேல் இருந்த சந்தேகத்தைத் தீர்த்திருக்க வேண்டும். மைமூனுக்கோ வேறு மாதிரி தோன்றியது. சோதனை என்று மோப்பம் பிடித்துவிட்டாள், அதனால்தான் அண்ணனுக்குச் சரியானதையே சொல்லியிருக்கிறாள் என்று முடிவுகட்டினாள். அடுத்த நாளிலிருந்து நஸ்ரினை அங்கே விடுவதில்லை. என்ன அண்ணி, பாப்பாவைக் காணோமே என்று ஃபர்ஹானா கேட்டதற்கு, உன் வீட்டு வேலையைப் பாரு என்று முகத்தில் அடித்ததுபோலச் சொன்னாள். ஃபர்ஹானா பதில் பேசவில்லை. அந்த மௌனத்தையும் மைமூன் குற்றம் செய்தவளின் மௌனமாகவே எடுத்துக்கொண்டாள்.

நஸ்ரினை விட இடமில்லாமல் வேலைக்கும் போக முடியவில்லை. இதற்கு நடுவில் போன் வேறு தொல்லை கொடுத்தது. ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கேலரியில் இருந்த படங்களில் பாதியை அழித்தாள். அப்படியும் அந்த அறிவிப்பு போகவில்லை.

வேறு வழியில்லாமல் ஜான்சியின் கடைக்குப் போனாள். போகும்போதே மனசுக்குள் ஒரு முள். உண்மை தெரிந்தவள் இவள் ஒருத்திதானே? இவளே ஏன் சொல்லியிருக்கக் கூடாது? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடையில் உப்பளத்து ஆள் ஒருவர் நின்றிருந்தார். அவர் போனில் சார்ஜ் ஏறவில்லையாம். புது சார்ஜர் வாங்க வந்திருந்தார். ஜான்சி சார்ஜரை எடுத்துக் கொடுக்கவில்லை. போனை ஆஃப் பண்ணி, சார்ஜர் குத்துகிற ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினாள். பஞ்சும் உப்புத்தூளும் சேர்ந்து உருண்டையாக வந்தது. பழைய வயரையே குத்தினாள், சார்ஜ் ஏறியது. வேலை செய்யும்போது போனை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்க, ஈரக்கையோட குத்தாதீங்க, ஊசி கீசி விட்டுக் கிளறாதீங்க என்று சொல்லி அனுப்பினாள். அதுதான் ஜான்சி. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வந்தவர்களுக்கு ஒரு யோசனை சொல்லாமல் அனுப்ப மாட்டாள். படம் மங்கலாக வருகிறது என்றால், வேறு போன் வாங்கச் சொல்ல மாட்டாள். கேமராக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வாள். டைப் பண்ணத் தெரியாதவர்களுக்குக் கீபோர்டில் இருக்கிற மைக்கைக் காட்டி, தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும் என்று பேசவைத்துப் பார்ப்பாள். அவள் கடை கம்ப்யூட்டருக்கு எத்தனை வயசு என்று யாருக்கும் தெரியாது. ஆன் ஆகும்போதே தானாக ஓட ஆரம்பிக்கிற வேண்டாத புரோகிராம்களை எல்லாம் நிறுத்தி, அதையே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மைமூனின் போனை வாங்கியதும் முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அதன் செட்டிங்ஸிலேயே எந்த குரூப் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகக் காட்டுகிறது. குடும்ப குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களே மலைபோல் கிடந்தன. அவற்றை ஒரே தட்டலில் அழித்தாள். வருகிற படமெல்லாம் தானாக இறங்காதபடி நிறுத்திவைத்தாள். “இனிமே நீங்க தொட்டாத்தான் எறங்கும்க்கா. டேட்டாவும் மிச்சம், பேட்டரியும் மிச்சம்.”

யாராவது வேறு போனில் தன் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்க முடியுமா என்று மைமூன் கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஜான்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, லிங்க்டு டிவைசஸ் என்கிற இடத்தைத் திறந்து காட்டினாள். வேறு எங்கேயாவது திறந்திருந்தால் இங்கே தெரியும், ஒன்றும் இல்லை.

“அப்புறம் எப்படி?” என்று மைமூனின் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஜான்சி அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கவில்லை. இன்னும் போகாமல் நின்ற அந்த அறிவிப்பைத் தொட்டுப் படித்தாள். போனில் இடம் இல்லை என்று அது சொல்லவில்லை. அக்கவுண்டில் இடம் இல்லை என்று சொன்னது. கேலரியில் எதை அழித்தாலும் அது தீராது என்று சொல்லிக்கொண்டே மேலே இருந்த ஜிமெயில் முகவரியைப் பார்த்தாள். அவள் விரல் நின்றது.

“அக்கா, இது யார் அக்கவுண்ட்டு?”

மைமூன் குனிந்து பார்த்தாள். முனீரின் பெயரும் அவன் பிறந்த வருஷமும் சேர்ந்த முகவரி.

ஜான்சி கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இந்தப் போனும் அண்ணனுடைய போனும் ஒரே அக்கவுண்டில் ஓடுகின்றன. நீங்க எடுக்கிற படமெல்லாம் அந்த அக்கவுண்டில் போய் விழுகிறது. நீங்க பதிகிற நம்பர் அவர் போனிலும் வரும். போன் தொலைந்தால் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. அதில் பார்த்தால் இந்தப் போன் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் மேப்பில் தெரியும்.

மைமூன் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யூனிட்டில் டிசைன் மறக்காமல் இருக்க அவள் எடுத்த பைகளின் படங்கள், கட்டிங் மெஷின் முன்னால் நின்று செந்தமிழ் எடுத்துக்கொடுத்த படம், எல்லாமே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊரே தன்னை வேவு பார்ப்பதாக நினைத்திருந்தாள். பார்த்தவன் ஒருவன்தான். அவனும் வேவு பார்க்கிற கண்ணை அவள் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறான். ஃபர்ஹானாவின் மேல் இருந்த அத்தனை ஆத்திரமும் அப்படியே திரும்பி முனீரின் மேல் விழுந்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது.

“நான் பதியுறது அங்க போவும்னா, அவர் பதியுறது இங்க வருமா?”

“வரும்க்கா.”

“அவர் எடுக்குற படம்?”

ஜான்சி சற்றுத் தயங்கினாள். கேலரிக்குள் வராது, போட்டோஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, நீங்க அதைத் திறந்ததே இல்லை போலிருக்கிறது என்றாள். அதைத் தேடி எடுத்துத் திரையில் வைத்து, போனை மேஜைமேல் மைமூனின் பக்கம் நகர்த்தினாள். “இது உங்க வீட்டு விஷயம். நான் எதிர்க்கடையில டீ சொல்லிட்டு வர்றேன்.”

லீனா யார் என்று தெரிந்துவிடப்போகிறது. மைமூன் முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு போட்டோஸைத் தொட்டாள்.

முதலில் அவள் எடுத்தவை வந்தன. அவற்றுக்கு நடுநடுவே அவள் எடுக்காத படங்கள். ஒரு கை. மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. முந்தின நாளும் அதே கை. அதற்கு முந்தின நாளும் அதே கை. கீழே போகப்போக, கட்டைப் பிரித்து எடுத்த படங்கள் வந்தன. இடது கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றிருந்தன. தையல் போட்ட இடம் கறுத்துக் கிடந்தது. இன்னும் தள்ளினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முனீரை யாரோ எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நீலச் சட்டை போட்ட நர்ஸ், அவனைவிட மூத்த அம்மாள், அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். லீனா.

ஜான்சி டீயோடு வந்தபோது மைமூன் நாற்காலியில் இல்லை. போனை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள். மழைக்குப் பயந்து உப்புக் குவியல்களை எல்லாம் ஓலை போட்டு மூடியிருந்தார்கள். பாத்திகளில் வானம்தான் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்று வீடியோ காலை அழுத்தினாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது முறை எடுத்தான். வழக்கம்போல முகம் மட்டும்.

“என்ன இந்நேரத்துல? பாப்பாவுக்கு எதனா?”

“இடது கையைக் காட்டுங்க.”

அவன் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று அவள் நினைத்தாள். அப்புறம் அவன் கண் கீழே இறங்கியது.

“உனக்கு யாரு சொன்னது? ஃபர்ஹானாவா?”

“நீங்க என்னை எப்படிப் பாத்தீங்களோ அப்படித்தான் நானும் பாத்தேன்.”

அவன் கையை மெதுவாகத் தூக்கித் திரைக்கு முன்னால் வைத்தான். மைமூன் அழுதாள். அழுதுகொண்டே கோபமாகவும் இருந்தாள். எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

கேட்டுக் கேட்டு வாங்கியதில் வந்தது இதுதான். மாவு பிசைகிற மெஷினில் கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபிறகும், காயத்தைத் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தது அந்த நர்ஸ் அம்மாள், கோட்டயத்துக்காரி. ஊரில் சொன்னால் மைமூன் தாங்க மாட்டாள் என்று, கம்பெனியில் வேறு வேலை கொடுக்கிறார்களா பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். போனைத் தான் வேண்டுமென்று அப்படிச் செய்து அனுப்பவில்லை என்றான். கடைக்காரன் ஒரு மெயில் ஐடி கேட்டான், தன்னுடையதைக் கொடுத்தான், அவ்வளவுதான். ஒருநாள் நஸ்ரின் ஸ்கூல் விழாவில் ஆடுகிற படம் தன் போனில் தானாக வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ படம் வராம நிறுத்திடுவ. அப்புறம் எனக்கு இங்க என்ன இருக்குது?”

ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவள் எடுக்கிற படங்கள்தான் பொழுது என்றான். இடையஞ்சாவடிப் படங்களைப் பார்த்தபோது முதலில் ஆத்திரம்தான் வந்ததாம். பிறகு அந்த மெஷின் முன்னால் அவள் நின்ற படம் வந்தது. அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கமே இல்லை. அதனால்தான் வாய்தவறி அன்றைக்குச் சொல்லிவிட்டான்.

அவன் சொன்னதை நம்பலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் எது நடந்தது, எது இப்போது அவளுக்காகச் சொல்வது என்று பிரித்துப்பார்க்கவும் மனம் ஓடியது. பஸ் கிடைச்சுதா என்று கேட்ட அன்றைக்கு மேப்பைப் பார்த்துத்தானே கேட்டீங்க என்றாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

“ஊருக்கு வாங்க. கை ஆறட்டும், மத்ததை அப்புறம் பாக்கலாம். நான் வேலையை விடமாட்டேன். இனிமே ஒளிச்சும் போகமாட்டேன்.”

அவன் சரி என்று சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் பார்க்கிறேன் என்றான்.

மைமூன் கடைக்குத் திரும்பினாள். ஜான்சியின் மேலும் சந்தேகப்பட்டதைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஆறிப்போன டீயை முழுவதும் குடித்தாள். ஜான்சி அவள் பெயரில் புது அக்கவுண்ட் தொடங்கினாள். அவளுடைய படங்களையும் நம்பர்களையும் அதற்கு மாற்றிய பிறகே பழையதை எடுத்தாள். முதலில் எடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும், நிறையப் பேர் அப்படித்தான் தொலைக்கிறார்கள் என்றாள். பாஸ்வேர்டை மைமூனையே அடிக்கவைத்து, தான் திரும்பி நின்றுகொண்டாள். எந்தெந்தப் போனில் இந்த அக்கவுண்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கிற இடத்தையும் காட்டிக்கொடுத்தாள். இப்போது ஒரே ஒரு போன்தான் இருந்தது. மைமூன் வீட்டுக்கு வந்தும் இரண்டுமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

ஃபர்ஹானாவின் வீட்டுக்குப் போகத்தான் கால் எழவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் போனாள். நடந்ததையெல்லாம் சொல்லி, உன்னைத் தப்பா நெனச்சிட்டேன் என்றாள். ஃபர்ஹானா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“அண்ணனுக்கு விரல் போனது எனக்குத் தெரியும் அண்ணி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உன்னைப் பாத்தா வாய்ல வந்துடும்னுதான் நான் கொல்லப்பக்கம் போய்ப் பேசுனேன். அன்னைக்கு உன் போனை வாங்குனதும் அவர்கிட்ட பேசத்தான்.”

ஆக, அவள் ஏதோ ஒளிக்கிறாள் என்று மைமூன் நினைத்ததில் தப்பில்லை. ஒளித்தது என்ன என்பதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தாள். அதைச் சொல்லிவிட்டு, ஃபர்ஹானா சிரிப்பாளோ என்று பார்த்தாள். ஃபர்ஹானா சிரிக்கவில்லை. பாப்பாவை என்கிட்டேருந்து பிரிச்சதுதான் எனக்கு ஆறல என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

முனீர் மாசி மாதம் வந்து சேர்ந்தான். வந்த இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தான். மைமூன் வாரத்தில் மூன்று நாள் காலையில் கிளம்பினாள். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினாள். அவன் தலையாட்டுவான். அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கேள்வி கேட்பான்; யூனிட்டில் எத்தனை பேர், ஆம்பளைங்க உண்டா, மேஸ்திரி யார். சில நாள் பதில் சொல்வாள். சில நாள், வந்து பாத்துக்கங்க என்பாள்.

ஃபர்ஹானா ஒருநாள் காலையில் தானாகவே வந்து வாசலில் நின்று, நஸ்ரினின் ஸ்கூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் நான் பாத்துக்கறேன் என்று முனீரிடம்தான் சொன்னாள், மைமூனிடம் சொல்லவில்லை. குழந்தை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூல் வேன் வருகிற இடத்துக்கு நடந்தது. மைமூன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், பாண்டி பஸ் வருகிற சத்தம் கேட்டதும் ரோட்டுக்குத் திரும்பினாள்.